மாமா எப்படி இறந்தார் என்று வருமான வரித் துறை கேட்டது

ராணுவத்துக்குப் பெண் கொடுத்த வீட்டுக்கு வருமான வரி கிடையாது என்று நான் பல வருடங்களாக நம்பிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெட்கப்பட ஆரம்பித்தால் என் வாழ்க்கையில் சொல்வதற்கு ஒன்றுமே மிஞ்சாது. யாரும் எனக்கு அப்படிச் சொல்லித் தரவில்லை, நானே யோசித்துக் கண்டுபிடித்தது. என் அக்காவின் கணவர், அதாவது மாமா, ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். ரயிலில் அவருக்குச் சலுகை, கேண்டீனில் சோப்பு முதல் ஃபிரிட்ஜ் வரை சலுகை. இவ்வளவு கொடுக்கிற சர்க்கார் வரியில் மட்டும் கறாராக இருக்குமா என்ன? அந்தப் பெருமையில் என் ஸ்கூட்டரின் முன்பக்கம் ‘ஆர்மி’ என்று ஸ்டிக்கர்கூட ஒட்டியிருந்தேன். பெங்களூரு அல்சூர் சிக்னலில் ஒரு டிராஃபிக் போலீஸ்காரர் நிறுத்தி, “யாவ ரெஜிமென்ட் குரு?”, எந்த ரெஜிமென்ட் என்று கன்னடத்தில் கேட்டார். “மச்சான் ரெஜிமென்ட் சார்” என்றேன். ஹெல்மெட் போடாததற்கு அபராதம் எழுதிவிட்டு, ஸ்டிக்கரையும் அவரே நகத்தால் கிழித்து என் கையில் கொடுத்து அனுப்பினார்.

ஸ்டிக்கர் போனாலும் நம்பிக்கை போகவில்லை. அதே நம்பிக்கையோடுதான் வருடா வருடம் அக்காவுக்கு வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவந்தேன். மாமா இறந்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. மர்பி டவுனில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறாள். மாமாவின் பெயரில் வரும் குடும்ப ஓய்வூதியம்தான் அவளுடைய வருமானம். வீடு லீசுக்கு எடுத்தது. மாத வாடகை கிடையாது, மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு இருக்க வேண்டும். லீஸ் முடியும்போதெல்லாம் அவர் தொகையை ஏற்றுவார். அந்த ஏற்றத்துக்காக அக்கா பென்ஷனில் மிச்சம் பிடித்து வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டிருந்தாள். வட்டிக்கு வங்கி வரி பிடிக்கும். அதைத் திரும்ப வாங்கத்தான் கணக்குத் தாக்கல் செய்வது.

குடும்பத்தில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் நான்தான் என்று ஒரு பேச்சு. ஐ.டி. கம்பெனியில் வேலை செய்வதால் வந்த பேச்சு. உண்மையில் அங்கே எந்த வண்டியில் யார் ஏற வேண்டும், எந்த டிரைவர் எந்த ரூட்டில் போக வேண்டும் என்று பிரித்து அனுப்புகிற டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர் நான். அந்தத் தைரியத்தில் வரித் துறையின் இணையதளத்தைத் திறப்பேன். வரி இல்லாத வருமானம் என்று ஒரு பகுதி இருக்கும். அம்புக்குறியை அழுத்தினால் அனுமார் வால் மாதிரி வாசகங்கள் இறங்கும். அதில் ஒன்று, ஆயுதப் படையினரின் குடும்பம் பெறும் ஓய்வூதியம் என்று ஆரம்பித்தது. அது அங்கேயே முடியவில்லை, இன்னும் நீளமாகப் போனது. போகட்டும் என்று விட்டுவிட்டு அழுத்தினேன். ஒவ்வொரு வருடமும் பிடித்த வரி திரும்ப வந்தது. அக்கா பிரியாணி செய்து போட்டாள். நான் லெக் பீஸைக் கடித்துக்கொண்டே, “இதுக்கெல்லாம் மூளை வேணும்க்கா” என்பேன்.

ஒரு ஜூன் மாதம் வருமான வரித் துறையிலிருந்து மின்னஞ்சல் வந்தது. அக்காவின் கணக்கில் என் முகவரியைத்தான் கொடுத்திருந்தேன். லோன் விளம்பரம் என்று நினைத்து அழித்துவிட்டேன். சில வாரங்கள் கழித்து இன்னொன்று வந்தது. இந்த முறை திறந்து படித்தேன். அக்காவின் கணக்கு ‘ஸ்க்ரூட்டினி’க்கு, அதாவது தோண்டித் துருவிப் பார்ப்பதற்கு, எடுக்கப்பட்டிருக்கிறது என்றும், ஓய்வூதியம் முழுவதற்கும் வரிவிலக்குக் கேட்டிருப்பதால் கணவர் எந்தச் சூழ்நிலையில் இறந்தார் என்பதை ஆதாரத்துடன் பதினைந்து நாளுக்குள் தெரிவிக்க வேண்டும் என்றும் இருந்தது. மதிப்பீடு ‘முகமற்ற’ முறையில் நடக்கும் என்று வேறு போட்டிருந்தார்கள். முகம் இருக்கிற ஆபீசரையே எனக்குச் சமாளிக்கத் தெரியாது. கழுத்துக்கு மேலே ஒன்றுமில்லாமல், கோட்டு மட்டும் போட்டுக்கொண்டு, ஒருவர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல ஒரு காட்சி வந்து கண்ணுக்குள் நின்றுகொண்டது. அன்று மாலை எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போக வேண்டிய வேனை ஹெப்பாலுக்கு அனுப்பிவிட்டேன்.

ஈஜிபுராவில் என் வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னேன். “ரெய்டு வந்தாலும் வரும். நகையை எல்லாம் உங்கம்மா வீட்டுக்கு அனுப்பிடு.”

“எத, என் ஒத்தச் சங்கிலியையா? அதான் போன மாசமே நீங்க அடகு வெச்சிட்டீங்களே. ஆபீசர் வந்தா மீட்டுக் குடுப்பாரான்னு கேட்டுப் பாருங்க.”

“விளையாடாத. அக்கா பேர்ல வந்திருக்குது.”

அவள் முகம் மாறியது. “அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“சொல்லிடுங்க.”

சொல்வதில்தான் சிக்கல். அது என்ன சிக்கல் என்று எனக்கே மறுநாள் ஆடிட்டர் மேடம் எதிரில் உட்கார்ந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது.

எங்கள் கம்பெனி டிரைவர்கள் பலருக்கும் அவர்தான் கணக்குப் பார்ப்பவர். கன்னடக்காரர். டிரைவர்களோடு பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர். நான் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, “மேடம், அவங்க எப்போ வருவாங்க?” என்று ஆரம்பித்தேன்.

“யாரு?”

“ஆபீசருங்க. வீட்டுக்கு.”

“அய்யோ, யாரும் வரல்ல சார். ஆபீசர் டெல்லியில இருக்காரோ கௌஹாத்தியில இருக்காரோ, எனக்கும் கொத்தில்ல, உங்களுக்கும் தெரியாது. உங்க மூஞ்சி அவருக்கும் தெரியாது. நாம ஸ்கேன் பண்ணி ஏத்தணும், அவரு படிப்பாரு, அஷ்டே.”

முகமற்ற என்றால் அவ்வளவுதானாம். எனக்குப் பாதி உயிர் திரும்பியது. அவர் முதலில் நோட்டீஸில் இருந்த எண்ணைத் துறையின் இணையதளத்தில் போட்டு, அது உண்மையானதுதானா என்று பார்த்தார். போனில் கூப்பிட்டு ஓ.டி.பி. கேட்பவன் எவனும் வரித் துறை ஆள் இல்லை, திருடன் என்றார். கணக்குத் தாக்கல் செய்ததும் கூட்டல் கழித்தல் சரி என்று வருகிற அறிவிப்பு வேறு, அதைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம், இது வேறு என்றார். ஸ்க்ரூட்டினிக்கு எடுப்பதற்கும் கெடு உண்டு, தாக்கல் செய்த நிதியாண்டு முடிந்து மூன்று மாதத்துக்குள் நோட்டீஸ் வர வேண்டும், ஜூனில் நான் அழித்த முதல் நோட்டீஸே கெடுவுக்குள் வந்ததுதான், எனவே பதில் சொல்லியே ஆக வேண்டும் என்றார். பிறகு பேனாவை எடுத்தார்.

“உங்க பாவா எப்படி எக்ஸ்பயர் ஆனாங்க?”

பாவா என்றால் கன்னடத்தில் அக்கா புருஷன். “ஆக்சிடென்ட் மேடம். பார்டர்ல.”

“என்ன ஆக்சிடென்ட்? வண்டியா?”

“ஆக்சிடென்ட்னா… ஆக்சிடென்ட்தான் மேடம்.”

அவர் பேனாவை மூடி வைத்தார். நான் வருடக்கணக்கில் முழுதாகப் படிக்காமல் விட்ட அந்த வாசகத்தை எனக்கு விளக்கினார். சாதாரணக் குடும்பங்களில், கணவர் ரயில்வேயிலோ தாலுகா ஆபீசிலோ இருந்து இறந்துபோனால், மனைவிக்கு வரும் ஓய்வூதியத்தில் மூன்றில் ஒரு பங்கையோ சட்டம் வைத்திருக்கும் ஒரு சிறு வரம்பையோ, எது குறைவோ அதைக் கழித்துக்கொள்ளலாம். மிச்சம் வருமானம்தான். ராணுவத்தான் மனைவிக்கும் பொதுவாக அதேதான். ஓய்வு பெற்று வந்து மாரடைப்பில் போயிருந்தாலும் சரி, வேலையில் இருக்கும்போதே முகாமுக்கு வெளியே ஜீப் கவிழ்ந்து போயிருந்தாலும் சரி, பட்டாளத்து உடுப்பு போட்டிருந்தார் என்பதற்காக வரி ஓடிப்போகாது. போர்க்களத்திலோ அதற்குச் சமமாகச் சட்டம் சொல்கிற பணியிலோ உயிர் போயிருந்தால்தான் ஓய்வூதியம் முழுவதற்கும் விலக்கு.

“நீங்க ஆக்சிடென்ட்ன்னு சொல்றீங்க. சாதா ஆக்சிடென்ட்ன்னா இந்த விலக்கு இல்ல. தப்பா காட்டியிருக்கீங்கன்னு வரி, வட்டி, மேல ரெண்டு மடங்கு அபராதம் கூட போடலாம். பழைய வருஷத்தையும் திறந்தா இன்னும் கஷ்டா.”

நான் வாயைத் திறந்தேன். வழக்கமாக அந்த நேரத்தில் ஒரு ஜோக் வரும். வரவில்லை. அக்கா சேர்த்த அந்த வைப்புத்தொகை கண்முன்னால் கரைவது தெரிந்தது. அது போனால் லீஸ் ஏற்ற முடியாது. லீஸ் ஏற்றாவிட்டால் வீடு இல்லை. அறுபதைத் தொடும் வயதில் ஒருத்தி, தம்பியின் மூளையை நம்பியதற்காகப் பாத்திரம் பண்டங்களோடு தெருவில் நிற்பாள்.

“பென்ஷன் உத்தரவு எடுத்துட்டு வாங்க. ராணுவ ரெக்கார்ட் ஆபீஸ்ல சர்டிபிகேட் கேக்கணும். எல்லாத்துக்கும் முன்னாடி, எப்படி எக்ஸ்பயர் ஆனாருன்னு உங்க அக்காவையே கேளுங்க.”

“கேக்கலாம் மேடம்” என்றேன். இருபது வருடமாக எங்கள் குடும்பத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி அது.

மாமாவும் நாங்களும் கோலார் தங்கவயல்காரர்கள். இரண்டு வீட்டிலும் முந்தின தலைமுறை சுரங்கத்துக்குள் இறங்கிய தலைமுறை. மாமாவின் அப்பா பாறைக்கு வெடிவைக்கிற வேலை செய்தவர். சுரங்கம் மூடப்போகிறது என்ற பேச்சு வந்த காலத்தில் மாமா பட்டாளத்தில் சேர்ந்தார். பாலம் கட்டுகிற, ரோடு போடுகிற, கண்ணிவெடி புதைக்கிற, எடுக்கிற பிரிவு. லீவில் வரும்போது பச்சை டிரங்குப் பெட்டியோடு கோரமண்டல் ஸ்டேஷனில் இறங்குவார். நான் ஓடிப்போய்ப் பெட்டியைத் தூக்குவதுபோல நடிப்பேன். அவர் ஒரு கையால் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு, “மச்சான், நீ பெட்டியத் தூக்குற அழகுக்கு உன்னையும் சேர்த்துத் தூக்கணும் போல கீதே” என்பார். மாமனுக்கும் மச்சானுக்கும் உள்ள உறவே அதுதான். பார்த்த நிமிடத்திலிருந்து பிரியும் நிமிடம்வரை ஒருவர் காலை ஒருவர் வாரிக்கொண்டே இருப்பது.

அவரிடம் நான் வாருவதற்கு ஏற்றதாக இருந்தது அவர் நடை. ஸ்டேஷன் பிளாட்பாரத்திலும் கல்யாண மண்டபத்திலும் சாதாரணமாக நடப்பார். மண் தரை வந்துவிட்டால் போதும், ஆளே மாறிவிடுவார். முதலில் கால்விரல் இறங்கும். ஒரு கணம் நிற்கும். பிறகு குதிகால் இறங்கும். கைகள் உடம்பை விட்டுக் கொஞ்சம் விலகி, தட்டில் தண்ணீர் ஏந்திப்போகிறவர் மாதிரி இருக்கும். கண் நாலடி தூரத்துத் தரையை விட்டு நகராது. சுரங்கக் கழிவு மண் குவிந்த சயனைட் மேட்டுப் பக்கம் எல்லோருமாக உலாவப் போனால், பக்கத்தில் யார் வந்தாலும் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளிவிடுவார். “பக்கத்துல வராத மச்சான். பின்னாடி வா. நான் கால் வெச்ச எடத்துல கால் வெய்.” நாங்கள் வரிசையாக, வாத்துக் கூட்டம் மாதிரி, அவர் பின்னால் போவோம். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்த நடையை நான் அப்படியே பிடித்துவிட்டேன். குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், சாப்பாடு முடிந்து எல்லோரும் கால் நீட்டி உட்கார்ந்ததும், “டேய், மாமா நடை காட்டு” என்று யாராவது ஆரம்பிப்பார்கள். விரல், நிறுத்தம், குதிகால், தண்ணீர்த் தட்டு. கூடவே ஒரு சித்தப்பாவைத் தோளைப் பிடித்துப் பின்னால் தள்ளுவேன். கூரை பறக்கும். எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் மாமாதான். “டேய், லெப்ட் கால் தப்பு. மறுபடி நட” என்று திருத்துவார்.

அவர் இறந்த செய்தி வந்தபோது எல்லையில் சண்டை எதுவும் இல்லை. சண்டை வரும் என்று பல மாதம் படைகள் போய் நின்றுவிட்டு, சண்டை வராமலே திரும்பத் தொடங்கியிருந்த நேரம். மூடிய பெட்டி வந்தது. கூட வந்த அதிகாரி அப்பாவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். வாசலில் நின்ற ஊருக்கு அப்பா திரும்பி ஒரே சொல்லாகச் சொன்னார்: “ஆக்சிடென்ட்.” அம்மாவுக்கு நெஞ்சுவலி இருந்ததால் அதற்குமேல் ஒரு வார்த்தை வீட்டுக்குள் வரக் கூடாது என்றார். அப்படியே இறுகிப்போய்விட்டது. அம்மா போனாள், அப்பா போனார், அந்தச் சொல் மட்டும் போகவில்லை. அக்கா வீட்டுச் சுவரில் புத்தர் படத்துக்குப் பக்கத்தில் மாமாவின் படம் தொங்கியது. அவரைப் பற்றி ஆயிரம் பேசுவோம். அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் பேச மாட்டோம்.

இப்போது பதினைந்து நாள் கெடுவில் நான் போய்க் கேட்க வேண்டும். முதல் தடவை போனபோது கேஸ் சிலிண்டர் புக் செய்ய வந்ததாகச் சொன்னேன். சிலிண்டர் நேற்றுத்தான் வந்தது என்று அக்கா காட்டினாள். தூக்கிப் பார்த்துவிட்டு, நல்ல கனமாக இருக்கிறது என்று பாராட்டிவிட்டு வந்தேன். அடுத்த தடவை அரைக் கிலோ ஜாங்கிரியோடு போனேன். வீட்டுக்காரர் லீஸ் விஷயமாக வந்துபோனதாகவும், தீபாவளிக்கு முன்னால் ஏற்றிக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியதாகவும் அக்கா சொன்னாள். கடித்த ஜாங்கிரியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ராத்திரியில் தூக்கம் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் போட்டேனா என்று சந்தேகம் வந்து மறுபடி போட்டுக்கொண்டு, மாலையில் தலைசுற்றி எங்கள் கம்பெனி வேனிலேயே படுத்துக்கொண்டேன். ஆடிட்டர் மேடம் போனில், “ஏன் சார், கேட்டீங்களா? நாள் ஓடுது” என்றார். “பேசிக்கிட்டு இருக்கோம் மேடம்” என்றேன். சிலிண்டரைப் பற்றியும் ஜாங்கிரியைப் பற்றியும் பேசியது உண்மைதானே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா கூடத்தில் முறத்தை வைத்துக்கொண்டு புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தேன். எங்கள் கம்பெனி மேனேஜர் லிஃப்டில் மாட்டிக்கொண்ட கதை, டிரைவர் ஒருவன் ஜி.பி.எஸ்.ஸோடு சண்டை போட்ட கதை. அக்கா கையை நிறுத்தினாள்.

“டேய், உனக்கு இன்னா ஆச்சு?”

“ஏன்க்கா?”

“வந்ததுலருந்து வாய் மூடல. ஒண்ணுக்கும் சிரிப்பு வரல. பயந்துகினு இருந்தாதான் நீ இப்படி உளறுவ. பத்தாங்கிளாஸ்ல பெயிலானப்பவும் இப்படித்தான் நாலு நாள் எல்லாரையும் சிரிக்க வெச்ச. இன்னா பண்ணிட்டு வந்திருக்க?”

சொன்னேன். நோட்டீஸ், அழித்த மெயில், படிக்காத வாசகம், அபராதம் எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னேன். லீஸ் பணம் போய்விடலாம் என்பதையும் சொன்னேன். “உன் பென்ஷனுக்கு வரி உண்டா இல்லையான்னு அவங்க முடிவு பண்ணணும்க்கா. அதுக்கு… மாமா…”

“எப்படிச் செத்தாருன்னு கேக்குறாங்களா?”

தலையாட்டினேன்.

“யாரு கேக்குறது?”

“ஒரு ஆபீசரு. எந்த ஊருன்னுகூட தெரியாது. முகம் காட்ட மாட்டாங்களாம்.”

அக்கா புளி ஒட்டிய விரல்களை முறத்தின் ஓரத்தில் துடைத்தாள். “பரவாயில்லயே. முகம் இல்லாதவனுக்குக் கேக்கத் தோணியிருக்குது. முகம் இருக்கிற நீங்க ஒருத்தரும் கேக்கலியேடா.”

அவள் அழவில்லை. சமையல் முறை சொல்வதுபோலச் சொன்னாள். காரியம் முடிந்த வாரம் மாமாவோடு வேலை செய்த குடியாத்தத்துக்காரர் ஒருவர் வந்திருந்தாராம். எல்லோரும் கூடத்தில் இருந்தபோது, தண்ணீர் கேட்கிற சாக்கில் சமையலறைக்கு வந்து அவளிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனாராம். சண்டை வரும் என்று எல்லையோர வயல்களில் எங்கும் கண்ணிவெடி புதைத்திருக்கிறார்கள். சண்டை வரவில்லை. விவசாயிகளுக்கு நிலத்தைத் திருப்பித் தர வேண்டும். புதைத்தவர்களே போய் எடுக்க வேண்டும். எது எங்கே இருக்கிறது என்று வரைபடம் உண்டு. ஆனால் இடையில் மழை பெய்து மண் நகர்ந்திருந்தது. வரைபடத்தில் இல்லாத இடத்தில் ஒன்று இருந்தது. மாமா முன்னால் போனார். குடியாத்தத்துக்காரர் அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்துப் பின்னால் போனார்.

“அதனால அவரு பொழச்சாரு” என்றாள் அக்கா. “அத சொல்லத்தான் அவ்வளவு தூரம் வந்தாரு.”

சயனைட் மேட்டில் என் தோளில் பட்ட அந்தக் கை ஞாபகம் வந்தது. அவர் எந்தப் பிரிவு என்று தெரிந்தும், அந்த நடை எங்கிருந்து வந்தது என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. நாங்கள் வாத்து மாதிரி போனோம் என்று சிரித்தோம். அவர் எங்களைப் பத்திரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஏன்க்கா இத்தினி வருஷமா சொல்லல? அம்மா போன பிறகாவது…”

ஒரு கொட்டையை எடுத்துப் போட்டாள். “நீ அவரு மாதிரி நடந்து காட்டுவியே. அவரு போன பிறகும் காட்டுன. சித்தப்பா பையன் கல்யாணத்துல காட்டுன, போன வருஷம் பொங்கலுக்குக் காட்டுன. எல்லாரும் சிரிப்பாங்க. நான் சிரிக்கிறதுக்குப் பார்க்கலடா. அவரு நடந்து வர்ற மாதிரியே இருக்கும். விஷயத்தச் சொல்லிட்டா அதுக்கப்புறம் நீ நடப்பியா?”

நான் முறத்தைக் கொஞ்சம் என் பக்கம் இழுத்து, அவளோடு சேர்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தேன்.

மறுநாள் ஆடிட்டர் மேடத்திடம் சொன்னபோது அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுக்கிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்துப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். பணியில் இறந்ததாக எந்தெந்தச் சூழ்நிலையை எடுத்துக்கொள்ளலாம் என்று விதி சொல்கிற பக்கம். எதிரியோடு போர், எல்லையில் மோதல், தீவிரவாதிகளின் தாக்குதல் என்று போய், நடுவில் கண்ணிவெடி புதைப்பதும் அகற்றுவதும் என்றும் இருந்தது. அப்பா சொன்ன ‘ஆக்சிடென்ட்’ என்ற சொல் அந்தப் பக்கத்தில் தனியாக எங்கும் இல்லை.

“ஆனா நாம சொன்னா ஆகல்ல” என்றார் மேடம். “அவங்க டிபார்ட்மென்ட் எழுதிக் குடுக்கணும். குடுப்பாங்களா?”

அடுத்த பயம் அங்கே தொடங்கியது. பெட்டியோடு வந்த அதிகாரி அன்று ஆங்கிலத்தில் அப்பாவிடம் என்ன சொன்னார் என்று யாருக்குத் தெரியும்? ராணுவமே தன் ஏட்டில் விபத்து என்று எழுதி மூடியிருந்தால்? மேடம் இணையதளத்தில் அவகாசம் கேட்டு ஒரு விண்ணப்பம் போட்டார். நானும் அக்காவும் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போனோம். வாசலில் சோதனையில் என் பையைத் திறக்கச் சொன்னார்கள். உள்ளே ரத்த அழுத்த மாத்திரை, அரைப் பாக்கெட் முறுக்கு. இரண்டையும் காவலர் ஒரே சந்தேகத்தோடு பார்த்தார். உள்ளே மேஜைக்குப் பின்னால் இருந்த சுபேதார் மாமாவின் ராணுவ எண்ணைக் கேட்டார். நான் பென்ஷன் உத்தரவைத் தேடி ஃபைலைக் குடைவதற்குள் அக்கா அந்த எண்ணைச் சொல்லி முடித்துவிட்டாள். இந்தியில், ராணுவத்தில் சொல்கிற மாதிரியே, ஒவ்வொரு இலக்கமாகச் சொன்னாள். சுபேதார் எழுந்து நின்று, “பைட்டியே மாதாஜி” என்று தன் நாற்காலியையே அவள் பக்கம் தள்ளினார்.

பழைய ஏடுகள் வேறு இடத்தில் இருக்கின்றன, தேட வேண்டும் என்றார்கள். தேடினார்கள். அந்தக் காலத்தில் நான் என் கைபேசியின் மணியோசையைக் கேட்டாலே நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தேன். அலுவலகத்தில் டிரைவர்கள் வேண்டுமென்றே எனக்குப் போன் போட்டுவிட்டுத் தூணுக்குப் பின்னால் நின்று பார்த்தார்கள். ஊரையே கேலி செய்தவனுக்கு அது வேண்டும்தான். கேட்ட அவகாசம் முடிகிற வாரத்தில் சான்றிதழ் வந்தது. மேடம் அதை இரண்டு முறை படித்தார். “இது போதும்ன்னு நினைக்கிறேன், ஆனா முடிவு அவங்க கையில” என்று சொல்லி ஸ்கேன் செய்து, பென்ஷன் உத்தரவோடு சேர்த்து ஏற்றினார். பதிலில் கடைசிப் பத்தியை மட்டும் அக்கா சொன்னபடி எழுதச் சொன்னேன். மேடம் அதை ஆங்கிலத்தில் எழுதி, எனக்குத் தமிழில் சொல்லிக் காட்டினார். என் கணவர் புதைத்ததை எடுக்கப் போனார், பின்னால் வந்தவர் பிழைத்தார், இதற்குமேல் எனக்குத் தெரியாது.

பதில் வருவதற்குள் தீபாவளி வந்துவிட்டது. வீட்டுக்காரர் கேட்ட தொகையை அக்கா தரவில்லை. பதில் வரட்டும், இது என் பணமா சர்க்கார் பணமா என்று தெரியாமல் தொட மாட்டேன் என்றாள். அவர் பொங்கல்வரை பொறுப்பதாகச் சொன்னார், அதற்குமேல் முடியாது என்றும் சொன்னார். நான் யாருக்கும் தெரியாமல் ஈஜிபுராவில் எங்கள் தெருவிலேயே காலி அறை ஏதாவது இருக்கிறதா என்று விசாரித்து வைத்தேன்.

டிசம்பரில் ஒரு காலை ஆணை வந்தது. முகமில்லாத அந்த ஆபீசர் யார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ஆணையில் மாமாவின் பெயர், எண், பதவி மூன்றும் சரியாக இருந்தன. எல்லைப் பகுதியில் கண்ணிவெடிகளை அகற்றும் பணியின்போது உயிரிழந்தார் என்று சான்றிதழிலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள். ஓய்வூதியம் முழுவதும் விலக்குக்கு உரியது, தாக்கல் செய்த கணக்கு அப்படியே ஏற்கப்படுகிறது, செலுத்த வேண்டிய தொகை எதுவும் இல்லை என்று முடிந்திருந்தது. அக்காவுக்கு அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். “சரி” என்றாள். அன்று மதியமே வங்கிக்குப் போய்ப் பணத்தை எடுத்து வீட்டுக்காரரிடம் கொடுத்து லீஸைப் புதுப்பித்துக்கொண்டாள்.